லிங்கனின் பாட்டி யார்? பழைய அமெரிக்காவில் தாய்வழி வேரைத் தேடும் முறை

ஆபிரகாம் லிங்கனின் அப்பா வழியைப் பற்றிக் கேட்டால் தயக்கமில்லாமல் பதில் கிடைக்கும். 1637ல் இங்கிலாந்தின் ஹிங்கம் ஊரிலிருந்து மாசசூசெட்ஸுக்குக் கப்பலேறிய சாமுவேல் லிங்கனில் தொடங்கி, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, வர்ஜீனியா, கென்டக்கி என்று எந்தத் தலைமுறை எங்கே குடியேறியது என்பது வரை சொல்லிவிடலாம். அவருடைய அம்மா நான்சி ஹாங்க்ஸ் யாருக்குப் பிறந்தவர் என்று கேட்டால் கதையே வேறு. ஆராய்ச்சியாளர்கள் நூறாண்டுக்கும் மேலாகக் கட்சி பிரிந்து வாதாடினார்கள். 2015ல் ஒரு மரபணு ஆய்வு வந்த பிறகுதான் அந்த வாதம் ஓய்ந்தது.

நாட்டின் மிகப் புகழ்பெற்ற அதிபருக்கே இந்த நிலை என்றால், சாதாரணக் குடும்பங்களின் தாய்வழி எவ்வளவு மறைந்து கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் மறைந்து கிடக்கிறது என்பதற்காக அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தால் நிறையவே கிடைக்கும். லிங்கன் குடும்பத்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு அந்தத் தேடலை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். அம்மாவின் சொந்தக்காரர்கள் எல்லாரும் இதில் வரமாட்டார்கள். அம்மா, அம்மாவின் அம்மா, அவருக்கு அம்மா என்று இடையில் ஓர் ஆண்கூட வராமல் நேராகப் போகிற ஒற்றைக் கோடுதான் தாய்வழி. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் இருக்கும். அவற்றில் ஒரே ஓர் இடம்தான் இந்தக் கோட்டில் இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. அப்பா வழியில் குடும்பப் பெயர் மாறாமல் வரும், அதைப் பிடித்துக்கொண்டே போகலாம். தாய்வழியில் ஒவ்வொரு படியிலும் குடும்பப் பெயர் மாறிவிடும். லிங்கனின் அம்மா ஹாங்க்ஸ், அந்த அம்மாவின் பாட்டி லீ. ஒவ்வொரு முறையும் பிறந்த வீட்டுப் பெயரைக் கண்டுபிடித்தால்தான் அடுத்த படி திறக்கும்.

பெயர் மாறுவது மட்டும்தான் காரணம் என்றால் சமாளித்துவிடலாம். பெரிய தடை சட்டத்தில் இருந்தது. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தைக் குடியேற்றங்கள் அப்படியே எடுத்துவந்தன. அதன்படி திருமணமானதும் பெண்ணின் சட்ட உரிமை கணவனுடைய உரிமைக்குள் அடங்கிவிடும். அவள் தன் பெயரில் நிலம் விற்க முடியாது, ஒப்பந்தம் போட முடியாது, கணவன் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. அந்தக் காலத்து ஆவணங்களில் முக்கால்வாசி நிலம், வரி, வழக்கு, உயில் சம்பந்தப்பட்டவைதான். அவற்றில் பங்கேற்க உரிமையில்லாதவளின் பெயர் அவற்றில் எப்படி வரும்?

இது ஆங்கிலேயக் குடியேற்றங்களின் நிலை மட்டும்தான். டச்சுக்காரர்கள் ஆண்ட நியூ நெதர்லாந்தில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் தங்கள் சொந்தப் பெயரிலேயே வாழ்ந்தார்கள். 1664ல் ஆங்கிலேயர் அந்த நாட்டைப் பிடித்து நியூயார்க் என்று பெயர் வைத்த பிறகும், டச்சுத் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் பல தலைமுறைக்குப் பழைய வழக்கத்தை விடவில்லை. குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் அப்பாவின் பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், சாட்சியாக நின்ற பாட்டி அல்லது சித்தியின் பெயர் எல்லாம் இருக்கும். கியூபெக்கிலும் அப்படித்தான். 1663க்கும் 1673க்கும் இடையில் பிரெஞ்சு அரசர் ஏறத்தாழ 800 பெண்களைத் திருமணத்துக்காக அங்கே அனுப்பினார். கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் அவர்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதிவைத்ததால், இன்று கியூபெக் வம்சாவளியினர் பலர் தங்கள் தாய்வழியை அந்தப் பெண்கள் வரை கொண்டுபோக முடிகிறது. அதனால் உங்கள் தேடலில் வரும் பெண் எந்த நாட்டவர், எந்தத் தேவாலயத்தைச் சேர்ந்தவர் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது பெரிய உதவி.

சரி, ஆங்கிலேயப் பகுதியில் என்ன செய்வது? சமீப காலத்திலிருந்து தொடங்கிப் பின்னால் போக வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம். அமெரிக்காவில் முதல் கணக்கெடுப்பு 1790ல் நடந்தது. ஆனால் அதில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் உண்டு. வெள்ளை ஆண்களை 16 வயதுக்கு மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்தார்கள். பெண்களையோ கைக்குழந்தையிலிருந்து கிழவி வரை ஒரே கட்டத்தில் ஓர் எண்ணாகப் போட்டுவிட்டார்கள். 1840 வரை தலைவர் பெயர் மட்டும் எழுதும் வழக்கம் நீடித்தது. 1850ல்தான் அடிமையாக இல்லாத ஒவ்வொருவரின் பெயரும், வயதும், பிறந்த மாநிலமும் எழுதப்பட்டன. 1880ல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும், அப்பா அம்மா எங்கே பிறந்தார்கள் என்பதும் சேர்ந்தன. 1900ல் எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று தாய்மார்களிடம் கேட்டார்கள். 1890ன் ஏடுகளில் பெரும்பகுதி 1921ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தோடு போய்விட்டது. ஆக, ஒரு குடும்பம் 1850க்குப் பிறகு எங்கே இருந்தது என்பதைப் பிடித்துவிட்டால், பிறந்த மாநிலங்களின் வரிசையே இடப்பெயர்வின் பாதையைக் காட்டிவிடும். மூத்த பிள்ளை வர்ஜீனியாவில், நடுப்பிள்ளைகள் கென்டக்கியில், கடைக்குட்டி இண்டியானாவில் என்றிருந்தால், அந்த அம்மா எந்த ஆண்டுவாக்கில் எங்கே இருந்தாள் என்று தெரிகிறதல்லவா.

1850க்கு முன்னால்தான் பொறுமை தேவைப்படும். அங்கே பெண்ணின் பெயர் பிறருக்காக எழுதப்பட்ட காகிதங்களின் ஓரத்தில்தான் இருக்கும். நிலப் பத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை மனைவி தன் ஆயுள் வரை அனுபவிக்கலாம் என்பது அந்தச் சட்டத்தில் பெண்ணுக்கு இருந்த ஒரு பாதுகாப்பு. அதனால் கணவன் நிலத்தை விற்கும்போது, நீதிபதிகள் மனைவியைக் கணவன் இல்லாத இடத்தில் தனியாக விசாரித்து, அந்தப் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுக்கிறாளா என்று கேட்டு எழுத வேண்டியிருந்தது. விற்பனைப் பத்திரத்தின் கடைசியில் இருக்கும் அந்தச் சில வரிகளில்தான் அவள் பெயர் வரும். பத்திரத்தின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

உயில்களில் மகள்கள் பெரும்பாலும் திருமணத்துக்குப் பிந்தைய பெயரோடு வருவார்கள். தந்தை பெயரும் மகளின் புது வீட்டுப் பெயரும் ஒரே தாளில் சேர்கிற அபூர்வ இடம் அது. திருமணப் பிணைப்பத்திரம் இன்னொன்று. வர்ஜீனியாவிலும் கென்டக்கியிலும் மாப்பிள்ளையோடு இன்னொருவரும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் பெண்ணின் அப்பா, அண்ணன் அல்லது காப்பாளர். பெண் 21 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதச் சீட்டும் கூட இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது விதவைகளின் ஓய்வூதியக் கோப்புகள். சுதந்திரப் போரில் சண்டையிட்டவர்களின் விதவைகளுக்கு 1836, 1838 ஆண்டுச் சட்டங்கள் ஓய்வூதியம் தந்தன. பணம் வாங்க வேண்டுமானால் தன் திருமணத்தை நிரூபிக்க வேண்டும். கிழவிகள் பலரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. எனவே நீதிமன்றத்துக்கு வந்து, எந்த ஊரில், யார் வீட்டில், எந்தப் பாதிரியார் திருமணம் செய்துவைத்தார் என்று சொன்னார்கள். கல்யாணத்துக்கு வந்த தங்கையோ பக்கத்து வீட்டுக்காரியோ சாட்சி சொன்னார்கள். சிலர் குடும்ப பைபிளில் பிறப்பு இறப்பு எழுதிவைத்திருந்த பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள். அந்தப் பக்கங்கள் இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வாழ்நாள் முழுக்கப் பதிவேட்டில் வராத பெண்கள் எழுபது எண்பது வயதில் தங்கள் வாயாலேயே தங்கள் கதையைச் சொல்வதைப் படிக்கும்போது மனம் நெகிழ்ந்துவிடும்.

பெயர்கள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரே பெண்ணை ஏட்டில் ஒரு மாதிரியும் வீட்டில் ஒரு மாதிரியும் அழைத்தார்கள். மேரி என்றால் பாலி, எலிசபெத் என்றால் பெட்ஸி, சாரா என்றால் சாலி, மார்த்தா என்றால் பாட்ஸி, ஆன் என்றால் நான்சி அல்லது நானி. பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைப்பதால் ஒரே குடும்பத்தில் மூன்று நான்சி இருப்பது சாதாரணம். லிங்கன் ஆய்வில் நடந்த பெரிய குழப்பமே இதில்தான் தொடங்கியது.

இப்போது ஹாங்க்ஸ் குடும்பத்துக்கு வருவோம். வர்ஜீனியாவின் கடலோரத்தில், பொட்டோமாக், ராப்பஹானக் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் ரிச்மண்ட் கவுன்டி இருக்கிறது. கவுன்டி என்பது கிட்டத்தட்ட நம் தாலுகா மாதிரி. அதன் நீதிமன்றத்தில்தான் நிலம், திருமணம், உயில் எல்லாம் பதிவாகும். அங்கே வாழ்ந்த ஜோசப் ஹாங்க்ஸும் அவர் மனைவி ஆன் லீயும், சுதந்திரப் போர் முடியும் காலத்தில், மேற்கே மலைப்பக்கம் ஹாம்ப்ஷயர் கவுன்டிக்குப் போனார்கள். 1784ல் ஜோசப் அங்கிருந்த நிலத்தை அடமானம் வைத்தார். பிறகு குடும்பம் கென்டக்கிக்கு நகர்ந்தது. அது தனி மனிதர்களின் பயணம் அல்ல. 1775ல் டேனியல் பூன் குழுவினர் கம்பர்லாண்ட் கணவாய் வழியாக வெட்டித் திறந்த காட்டுப்பாதையிலும், ஒஹாயோ ஆற்றின் படகுகளிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த ஆண்டுகளில் கென்டக்கிக்குப் போய்க்கொண்டிருந்தன. கடலோர வர்ஜீனியாவில் புகையிலை போட்டுப் போட்டு மண் சோர்ந்துபோயிருந்தது. மேற்கே புது நிலம் இருந்தது. அந்த நிலம் ஷாவ்னி, செரோக்கி மக்களின் வேட்டைக்காடு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதில் எல்லைகள் மாறுவதைக் கவனிக்க வேண்டும். கென்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் ஒரு பகுதி. ஹாம்ப்ஷயர் கவுன்டி 1863லிருந்து மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. குடும்பம் அசையாமல் இருந்தாலும் அதன் ஆவணங்கள் மூன்று நீதிமன்றங்களில் சிதறியிருக்கலாம். எந்த ஆண்டில் அந்த இடம் எந்தக் கவுன்டியில் இருந்தது என்ற வரைபடத்தைப் பார்த்த பிறகே தேட வேண்டும்.

ஜோசப் ஹாங்க்ஸ் 1793ல் கென்டக்கியின் நெல்சன் கவுன்டியில் உயில் எழுதி, அதே ஆண்டு இறந்தார். மகன்களுக்கு ஆளுக்கொரு குதிரை. எலிசபெத், பாலி, நான்சி என்ற மூன்று மகள்களுக்கு ஆளுக்கொரு கிடாரிக் கன்று. கன்றுகளின் பெயரைக்கூட எழுதியிருக்கிறார். 1899ல் வந்த ஒரு நூல் இந்த உயிலைப் பார்த்துவிட்டு, இதோ லிங்கனின் அம்மா நான்சி என்று முடிவு கட்டியது. நம்பிக்கையான ஆவணம், சரியான பெயர், சரியான காலம். ஆனாலும் ஆள் வேறு. அந்த நான்சி லிங்கனுடைய அம்மாவின் சித்தி. அவருடைய மகன்தான் லிங்கனோடு வளர்ந்த டென்னிஸ் ஹாங்க்ஸ். பெயர் பொருந்துவது ஆதாரம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

உண்மையான இணைப்பு அந்த உயிலில் பெயரே இல்லாத இன்னொரு மகளிடம் இருந்தது. லூசி ஹாங்க்ஸ். நான்சி 1784ல் பிறந்தபோது லூசிக்குத் திருமணமாகியிருக்கவில்லை. 1789ல் மெர்சர் கவுன்டி ஜூரி, திருமணமில்லாமல் உறவு வைத்திருந்ததாக லூசியின் மேல் குற்றம் சாட்டியது. அடுத்த ஆண்டு ஹென்றி ஸ்பாரோ அவரை மணக்க உரிமம் கேட்டபோது, தனக்கு வயது வந்துவிட்டது என்றும் இந்தத் திருமணத்துக்கு மனமாரச் சம்மதம் என்றும் லூசி தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். 1791ல் திருமணம் நடந்தது. ஒரு பெண்ணை அவமானப்படுத்த எழுதப்பட்ட காகிதமும், அவர் தனக்காகத் தானே எழுதிய காகிதமும் சேர்ந்துதான் அவர் எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்று நமக்குச் சொல்கின்றன. வம்சாவளி ஆய்வில் வெட்கம் பார்க்கக் கூடாது என்று நான் நம்புவது இதனால்தான். திருமணத்துக்கு முன் பிறந்த குழந்தையை மறைக்க நினைத்த பிற்காலத்தவர்கள்தான் லிங்கனின் தாய்வழியை இவ்வளவு காலம் குழப்பினார்கள்.

அந்த மறைப்புக்கு ஒரு வடிவமும் கிடைத்தது. நான்சியின் அம்மா லூசி ஷிப்லி என்ற பெண், அவருக்கு முறைப்படி திருமணமாகியிருந்தது, கணவர் ஜேம்ஸ் ஹாங்க்ஸ் இறந்துவிட்டார் என்று ஒரு தரப்பு வாதிட்டது. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. நான்சியின் திருமணப் பத்திரத்தில் காப்பாளர் என்று கையெழுத்திட்டவர் ரிச்சர்ட் பெரி. பெரி குடும்பத்தில் ஷிப்லி வீட்டுப் பெண் மருமகளாகப் போயிருந்தார்.

அந்தத் திருமணப் பத்திரத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். லிங்கனின் பெற்றோர் 1806 ஜூன் 12 அன்று மணந்தார்கள். லிங்கன் உயிரோடு இருந்தவரை அந்தப் பதிவு கிடைக்கவில்லை. பெற்றோருக்குத் திருமணமே ஆகவில்லை என்று எதிரிகள் பேசினார்கள். அப்பா தாமஸ் லிங்கன் ஹார்டின் கவுன்டிக்காரர் என்பதால் அங்கேயே தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 1878ல் வாஷிங்டன் கவுன்டி நீதிமன்றத்தில் அது கிடைத்தது. நான்சி திருமணத்துக்கு முன் பெரி குடும்பத்தோடு வாழ்ந்த இடம் அது. கல்யாணம் வழக்கமாகப் பெண் வீட்டில்தான் நடக்கும், பதிவும் பெண் இருந்த கவுன்டியிலேயே இருக்கும். கணவனின் ஊரில் திருமணப் பதிவு இல்லை என்றால், அது ஒரு துப்பு. பெண்ணின் உறவினர்கள் வாழ்ந்த கவுன்டிகளைப் பார்க்கத் தொடங்குங்கள்.

இப்போது இடப்பெயர்வைத் தாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஸ்பாரோ சகோதரர்கள் இருவர் ஹாங்க்ஸ் சகோதரிகள் இருவரை மணந்தார்கள். ஹென்றிக்கு லூசி, தாமஸுக்கு எலிசபெத். 1816 கடைசியில் தாமஸ் லிங்கனும் நான்சியும் பிள்ளைகளோடு இண்டியானாவுக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே எலிசபெத்தும் கணவரும் டென்னிஸை அழைத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். 1818ல் பால் நோய் என்ற கொடுமை அந்தக் குடியிருப்பைத் தாக்கியது. ஒரு நச்சுச்செடியை மேய்ந்த மாட்டின் பாலைக் குடித்ததால் வரும் நோய் அது. எலிசபெத்தும் கணவரும் இறந்தார்கள். அக்டோபர் 5 அன்று நான்சியும் போனார். லிங்கனுக்கு அப்போது 9 வயது. ஆனால் அம்மா இறந்த பிறகும் அம்மாவின் ஆட்கள்தான் வழி காட்டினார்கள். 1830ல் லிங்கன் குடும்பம் இலினாய் மாநிலத்தின் மேகன் கவுன்டிக்குப் போனது, அங்கே முன்பே குடியேறியிருந்த ஜான் ஹாங்க்ஸின் பேச்சை நம்பித்தான்.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். அமெரிக்காவின் மேற்கு நோக்கிய இடப்பெயர்வை ஆண்களின் நிலப்பசியாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆவணங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், அக்கா தங்கைகள் ஒருவரையொருவர் தொடர்ந்து போனது தெரியும். குடும்பப் பெயர் வேறு வேறாக இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. நீங்கள் தேடும் பெண்ணின் பக்கத்து நிலத்துக்காரர்கள், திருமண ஜாமீன்தாரர்கள், உயில் சாட்சிகள், தேவாலயத்தில் அதே நாளில் சேர்ந்தவர்கள் எல்லாரையும் எழுதிவையுங்கள். அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று கவுன்டிகளில் அதே பெயர்கள் கூட்டமாக வந்தால், அதில் ஒன்று அவளுடைய பிறந்த வீடாக இருக்க நிறைய வாய்ப்புண்டு.

அடிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களில் தாய்வழிக்கு முற்றிலும் வேறு கனம் இருந்தது. ரிச்மண்ட் கவுன்டியை ஒட்டிய நார்தம்பர்லாண்ட் கவுன்டியில், ஆப்பிரிக்கத் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் பிறந்த எலிசபெத் கீ என்ற பெண், 1656ல் தன் விடுதலைக்காக வழக்காடி வென்றார். தந்தை ஆங்கிலேயர் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. ஆறு ஆண்டுகள் கழித்து, 1662ல், வர்ஜீனியா சட்டமன்றம் அந்தக் கதவை மூடியது. குழந்தை அடிமையா சுதந்திரமா என்பது தாயைப் பொறுத்தது என்று சட்டம் வந்தது. மற்றக் குடியேற்றங்களும் அதைப் பின்பற்றின. அடிமைத் தாயின் வயிற்றில் பிறப்பதே விலங்காயிற்று.

அதே சட்டத்தைத் திருப்பிப் பிடித்தும் சிலர் போராடினார்கள். மேரிலாண்டில் நெல் பட்லர் என்ற ஐரிஷ் பணிப்பெண், 1681ல் சார்லஸ் என்ற அடிமையை மணந்தார். அவருடைய சந்ததி அடிமைகளாகவே வைக்கப்பட்டார்கள். 1770ல் அவருடைய வழிவந்த வில்லியம் பட்லரும் மேரி பட்லரும் தங்கள் மூதாட்டி சுதந்திரமான வெள்ளைப் பெண் என்று வழக்குத் தொடுத்தார்கள். முதியவர்கள் பலர் நெல்லைப் பற்றித் தாங்கள் கேட்டதையும் பார்த்ததையும் நீதிமன்றத்தில் சொன்னார்கள். வழக்கு முதலில் வென்று, மேல்முறையீட்டில் தோற்றது. அவர்களுடைய மகள் மேரி மறுபடியும் வழக்காடி 1787ல் விடுதலை பெற்றார். தாய்வழியை நினைவில் வைத்திருந்தது அந்தக் குடும்பத்துக்குப் பொழுதுபோக்கு அல்ல. உயிர் அதில் இருந்தது. இத்தகைய வழக்குக் கோப்புகளில் நான்கைந்து தலைமுறைத் தாய்மாரின் பெயர்கள் வரிசையாகக் கிடைப்பதுண்டு.

வழக்குப் போட முடியாதவர்களின் வம்சத்தைத் தேடுவது கடினம். 1850, 1860 அடிமைக் கணக்கேடுகளில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயதும் பாலும் நிறமும் மட்டும்தான் இருக்கும். 1870 கணக்கெடுப்பில்தான் அவர்கள் எல்லாரும் பெயரோடு வருகிறார்கள். அதற்கு முன்னால் போக, விடுதலையானவர்களுக்காக 1865ல் தொடங்கிய சேமிப்பு வங்கியின் ஏடுகள் கைகொடுக்கும். கணக்குத் தொடங்கியவர்கள் பலர் அப்பா, அம்மா, விற்கப்பட்டுப் பிரிந்த உடன்பிறப்புகள் எல்லாரின் பெயரையும் சொல்லி எழுதவைத்திருக்கிறார்கள்.

கடைசியாக மரபணு. நம் செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு சிறு டிஎன்ஏ வளையம் உண்டு. 16,569 எழுத்து நீளம். அது தாயின் கருமுட்டை வழியாக மட்டுமே வருகிறது. மகனுக்கும் மகளுக்கும் கிடைக்கும், ஆனால் மகள்தான் அடுத்த தலைமுறைக்குக் கடத்துவாள். மிக மெதுவாக மாறுவதால், பத்துத் தலைமுறைக்குப் பிறகும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இதுவே அதன் பலம், இதுவே பலவீனமும்கூட. முழு வரிசையும் பொருந்தும் இருவருக்குப் பொதுவான மூதாட்டி இருநூறு ஆண்டுக்கு முன்னும் இருக்கலாம், ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் இருக்கலாம். அதனால் இந்தச் சோதனை புதுப் பெயரைக் கண்டுபிடித்துத் தராது. காகிதத்தில் நீங்கள் போட்ட இணைப்பு சரியா தப்பா என்று சோதிக்கத்தான் உதவும். ஓரிரு எழுத்து வித்தியாசத்தைத் தாண்டிப் பொருந்தாமல் போனால், அந்தக் கோட்டில் எங்கோ ஓர் இணைப்பு தவறு. கடைகளில் பரவலாக விற்கும் எச்சில் சோதனைகள் பலவும் வேறு வகை என்பதையும் வாங்குமுன் பாருங்கள். உங்களுக்குத் தேவை மைட்டோகாண்ட்ரியாவின் முழு வரிசைச் சோதனை.

லிங்கன் விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. லிங்கனுக்கு அம்மாவின் மைட்டோகாண்ட்ரியா இருந்தது, ஆனால் ஆண் என்பதால் பிள்ளைகளுக்குப் போகவில்லை. அக்கா சாரா 1828ல் பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. நான்சியின் பெண்வழி அதோடு முடிந்தது. இப்படி ஆகும்போது பக்கவாட்டில் போக வேண்டும். ஹாங்க்ஸ் குடும்பத்தின் மற்றப் பெண்களிடமிருந்து, இடையில் ஆண் வராமல், தாய் மகள், தாய் மகள் என்று இன்றுவரை வந்திருப்பவர்களைக் காகிதங்களின் வழியே தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். 2015ல் முடிவு வெளியானது. லூசி, ஆன் லீயின் மகள்தான். ஷிப்லி கதைக்கு இடமில்லாமல் போயிற்று.

நான்சியின் தாய்வழி எக்ஸ்1சி என்ற மிக அபூர்வமான மைட்டோகாண்ட்ரியா பிரிவைச் சேர்ந்தது. அது அபூர்வமாக இருந்ததும் ஆய்வுக்குச் சாதகம். எங்கும் பரவிய பிரிவாக இருந்தால் தற்செயலாகப் பொருந்தியிருக்குமோ என்ற சந்தேகம் மிஞ்சியிருக்கும். எக்ஸ் என்ற எழுத்தைப் பார்த்ததும் அமெரிக்கப் பழங்குடி என்று முடிவு செய்பவர்கள் உண்டு. பழங்குடி மக்களிடம் காணப்படுவது எக்ஸ்2ஏ என்ற வேறு கிளை. இரண்டும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. பிரிவின் முதல் எழுத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஒரு குடும்பத்தில் செரோக்கிப் பாட்டி இருந்ததாகச் சொன்னால், அவர் நேர்த் தாய்வழியில்தான் இருந்தாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இந்தச் சோதனையில் அவர் தெரியவே மாட்டார்.

நான்சியின் அப்பா யார்? வர்ஜீனியாவின் வசதியான தோட்டக்காரர் ஒருவர் என்று லிங்கனே ஒருமுறை தன்னிடம் சொன்னதாக அவருடைய வழக்கறிஞர் கூட்டாளி வில்லியம் ஹெர்ன்டன் பின்னாளில் எழுதினார். பெயர் சொல்லவில்லை. மைட்டோகாண்ட்ரியா அதற்குப் பதில் சொல்லாது. லூசியிடமிருந்து ஆன் லீ வரைக்கும், ரிச்மண்ட் கவுன்டி வரைக்கும் மட்டுமே அந்தக் கோடு போகும்.